விபத்துப் பிரிவு கேஸ் ஷீட்டில் இன்னும் சில கேள்விகள்: மதுரை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் விபத்து, தீக்காயம், அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும், மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடிபட்டு உங்களிடம் வருகிற ஒவ்வொருவரின் கேஸ் ஷீட்டிலும், காயம் பட்ட நேரத்தில் அவர் உடம்பில் பாலின ஹார்மோன்கள் என்ன நிலையில் இருந்திருக்கும் என்று பின்னால் யாராவது கணிக்க முடிகிற மாதிரி சில கேள்விகளைச் சேருங்கள். பெண் என்றால் கடைசி மாதவிடாய் எந்தத் தேதி, நின்றுபோயிருந்தால் தானாக நின்றதா, ஆபரேஷனில் நின்றதா, ஆபரேஷன் என்றால் சினைப்பைகளையும் எடுத்தார்களா, கருத்தடை மாத்திரையோ ஊசியோ எடுக்கிறாரா. ஆண் என்றால் ஜிம்மில் ஊசி ஏதும் போட்டுக்கொள்கிறாரா, புராஸ்டேட்டுக்கு வைத்தியம் நடக்கிறதா, கல்லீரல் கெட்டிருக்கிறதா. திருநங்கை, திருநம்பி என்றால் எந்த ஹார்மோன், எவ்வளவு காலமாக. கேட்டு எழுத ஐந்து நிமிடம் கூட ஆகாது.

இப்போதும் பெண்களிடம் எல்.எம்.பி., அதாவது கடைசி மாதவிடாய்த் தேதி, கேட்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். கேட்கிறோம், ஆனால் கர்ப்பமா இல்லையா என்று பார்க்க மட்டும்தான். எக்ஸ்-ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், அதற்காகக் கேட்கிறோம். சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்துவிட்டால் அந்தத் தேதியை அதற்கப்புறம் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐம்பதைத் தாண்டிய அம்மாக்களிடம் அந்தக் கேள்வியே கிடையாது, ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ஆண்களிடம் இது பற்றிக் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

இந்தக் கேள்விகளுக்கும் அடிபட்டவர் பிழைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று ஜூனியர் டாக்டர்களும் என் மாணவிகளும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விபத்தில் இறப்பவர்கள் எல்லோரும் சாலையிலோ முதல் சில மணி நேரத்திலோ ரத்தம் போயோ தலையில் அடிபட்டோ இறப்பதில்லை. ரத்தத்தை நிறுத்தி, வயிற்றைத் திறந்து தைத்து, எலும்பைக் கட்டி, நாலாவது ஐந்தாவது நாள் "பரவாயில்லை, தேறிடுவார்" என்று வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிய பிறகு, காய்ச்சல் ஏறி, நுரையீரலில் சளி கட்டி, வென்டிலேட்டரை எடுக்க முடியாமல், சிறுநீரகம் நின்று, செப்சிஸில், அதாவது கிருமித் தொற்றால் உறுப்புகள் செயலிழந்து, போகிறவர்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். அங்கே நடப்பது நோயெதிர்ப்பு மண்டலத்தின் கதை. பெரிய காயம் பட்டதும் நசுங்கிய திசுக்களிலிருந்து வெளியே கொட்டும் செல் துணுக்குகளையே உடம்பு ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. கிருமி ஒன்றுகூட உள்ளே வராதபோதே நியூட்ரோஃபில், மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுக்கள் கிளம்பிவிடுகின்றன, டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்கள், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் புரதங்கள், ரத்தத்தில் ஏறுகின்றன. வைகை அணையின் மதகுகளை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் ஆற்றோரத்துக்கு வெள்ளம், அப்புறம் வாய்க்காலுக்கு விடத் தண்ணீர் இருக்காது, அது மாதிரி இந்த முதல் வேகத்திலேயே சொந்த நுரையீரலும் குடலும் சேதப்படுகின்றன, பின்னால் உண்மையான கிருமி வரும்போது எதிர்க்க ஆள் இல்லை. மோனோசைட்டு என்ற வெள்ளணுக்களின் மேல் இருந்து கிருமியை மற்ற செல்களுக்கு அடையாளம் காட்ட வேண்டிய ஹெச்.எல்.ஏ.-டி.ஆர். என்ற புரதம் குறைந்துபோகிறது, கிருமியை எதிர்க்கும் டி செல்கள் சோர்ந்துபோகின்றன. இந்த இரண்டு கட்டங்களும் தனித்தனியாக வருவதில்லை, பல நேரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியே நடக்கின்றன. யாருக்கு எந்த அளவில் நடக்கும் என்பதை முடிவு செய்யும் காரணங்களில் பாலின ஹார்மோன்களும் உண்டு.

ஏன் என்றால் இந்த வெள்ளணுக்கள் எல்லாவற்றிலும் அந்த ஹார்மோன்களுக்கான ஏற்பிகள், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்கள், இருக்கின்றன. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் ஏற்பி, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களான ஆண்ட்ரோஜன்களின் ஏற்பி இரண்டும் மேக்ரோபேஜிலும் டி செல்லிலும் பி செல்லிலும் உண்டு. பொதுவாகச் சொன்னால் டெஸ்டோஸ்டிரோன் எதிர்ப்பைத் தணிக்கும் பக்கம், ஈஸ்ட்ரோஜன் அளவைப் பொறுத்து ஒரு நேரம் தூண்டும், ஒரு நேரம் அடக்கும். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும், கிருமியை உணர உதவும் டி.எல்.ஆர்.7 போன்ற மரபணுக்களும் சேர்ந்துகொள்கின்றன. பெண்களுக்குத் தடுப்பூசிக்குப் பின் ஆன்டிபாடி கூடுதலாக உருவாவதும், உடம்பின் எதிர்ப்பே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்களாக இருப்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வாத நோய் புறநோயாளிப் பிரிவில் எல்லோரும் பேசுகிற இந்த விஷயம், அதே கட்டடத்தின் விபத்துப் பிரிவுக்கு வரும்போது காணாமல் போய்விடுகிறது.

விபத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகக் காட்டியவர்களில் முக்கியமானவர் இர்ஷாத் சௌத்ரி. அமெரிக்காவில் அவருடைய குழு 1990-களின் நடுவிலிருந்து, பின்னாளில் அலபாமா பல்கலைக்கழகத்திலும், வரிசையாகச் சோதனைகள் செய்தது. எலிகளுக்கு வயிற்றில் காயம் ஏற்படுத்தி, ரத்தத்தை இழக்க வைத்து, பிறகு திரவம் கொடுத்துத் தேற்றினார்கள், கிட்டத்தட்ட நம் நோயாளிகளுக்கு நடப்பது போலவே. ஆண் எலிகளின் மண்ணீரல் செல்களும் மேக்ரோபேஜ்களும் வேலை செய்யாமல் தொய்ந்துபோயின. ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும் புரோஎஸ்ட்ரஸ் கட்டத்துப் பெண் எலிகளுக்கு அந்தத் தொய்வு வரவில்லை, பின்னால் செப்சிஸ் உண்டாக்கியபோதும் அவை கூடுதலாகப் பிழைத்தன. இது 1997-ல் வெளியானது. இரண்டு வாரம் முன்பே விதை நீக்கப்பட்ட ஆண் எலிகளுக்கும் தொய்வு வரவில்லை. பெண் எலிகளுக்கு டி.ஹெச்.டி. என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்தால் அவையும் ஆண் எலி மாதிரியே தொய்ந்தன. சினைப்பை எடுக்கப்பட்ட பெண் எலிகளின் பாதுகாப்பு போனது, ஈஸ்ட்ரோஜன்களில் முக்கியமான ஈஸ்ட்ராடியோல் கொடுத்ததும் திரும்பி வந்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு நாம் கொடுக்கிற ஃப்ளூடமைட் என்ற, ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை இருக்கிறதே, அதைக் காயத்துக்குப் பின் ஆண் எலிகளுக்குக் கொடுத்தாலும் எதிர்ப்பு மீண்டது. ஹார்மோனை எடுத்தும் கொடுத்தும் தடுத்தும், எல்லா வழியிலும் ஒரே பதில் வந்தால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

சரி, எலி வேறு மனிதன் வேறு. மனிதர்களில் என்ன?

எனக்கு மிகவும் யோசனை கொடுத்தது 2010-ல் அமெரிக்க தேசிய விபத்துப் பதிவேட்டை வைத்து ஹைதர் என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் குழு வெளியிட்ட கட்டுரை. ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் வந்த 48,000-க்கும் மேற்பட்டவர்களை வயதுவாரியாகப் பிரித்தார்கள். 13 முதல் 64 வயது வரை பெண்களின் இறப்பு வாய்ப்பு அதே அளவு காயம்பட்ட ஆண்களைவிட 14 விழுக்காடு குறைவு. 12 வயதும் அதற்குக் கீழும் வித்தியாசம் இல்லை, 65-க்கு மேலும் இல்லை. பூப்படையும் முன்னும், மாதவிடாய் நின்று நெடுநாள் ஆன பின்னும் வித்தியாசம் மறைகிறது என்றால் அது வெறும் சீட் பெல்ட், ஹெல்மெட், வேகம் பற்றிய வித்தியாசமாக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். வேறு சில பெரிய ஆய்வுகளில் இப்படி எதுவும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். செப்சிஸ் வந்த அறுவை சிகிச்சை நோயாளிகளில் பெண்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்று 1998-ல் ஜெர்மனியிலிருந்து ஒரு கட்டுரை வந்தது, அடுத்த வருடமே அமெரிக்காவிலிருந்து நேர்மாறாக ஒன்று வந்தது.

இப்படி முரண்பட்டு வருவதற்கு முக்கியமான காரணம், இந்த ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் எழுதியிருப்பது ஆணா பெண்ணா, வயது என்ன என்பது மட்டும்தான் என்று நான் நினைக்கிறேன். 45 வயதுப் பெண் என்று எழுதினால் அவர் உடம்பில் அன்றைக்கு ஈஸ்ட்ரோஜன் இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? மாதவிடாய் முடிந்த மறுநாளா, கருமுட்டை வெளிவரும் முன்னாளா, இரண்டு வருடம் முன்பே நின்றுவிட்டதா? எலியில் புரோஎஸ்ட்ரஸ் கட்டம் என்று பார்த்துப் பிரித்ததால்தான் அந்த வித்தியாசம் கண்ணில் பட்டது. மனிதர்களில் அதைப் பிரிக்காமல் எல்லாப் பெண்களையும் ஒரே வரிசையில் போட்டுக் கூட்டிக் கழித்தால் பதில் கலங்கித்தான் வரும்.

இனி தீக்காயத்துக்கு வருகிறேன், நம் ஊர்ப்பக்கம் இதைத் தனியாகப் பேசியே ஆக வேண்டும். ரத்த இழப்பில் பெண்ணுக்குச் சாதகமாகத் தெரிகிற அதே விஷயம் தீக்காயத்தில் தலைகீழாகிறது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலிருந்து 2001-ல் வந்த பெரிய ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்கு அதே அளவு வெந்த ஆண்களைவிட இறப்பு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எலிகளில் இதை ஆராய்ந்த எலிசபெத் கோவாக்ஸ் குழுவும், தீக்காயம் பட்ட பெண் எலிகளுக்குச் சில நாள் கழித்து எதிர்ப்பு அடங்கிப்போவதையும், அதில் ஈஸ்ட்ரோஜனுக்கும் இன்டர்லூகின்-6-க்கும் பங்கு இருப்பதையும் காட்டியது. அதாவது எந்த ஹார்மோன் நல்லது எது கெட்டது என்ற கேள்விக்குக் காயம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் பதிலே கிடையாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெரிய காயம் பட்ட ஆணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஓரிரு நாளிலேயே சரிகிறது, கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி ஆண்ட்ரோஜன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதால் ஈஸ்ட்ராடியோல் ஏறுகிறது. 2008-ல் வந்த ஆய்வில் ஐ.சி.யூ.வில் இருந்த விபத்து நோயாளிகளில் ஈஸ்ட்ராடியோல் அதிகம் இருந்தவர்கள் கூடுதலாக இறந்தார்கள், ஆண் பெண் இருபாலரிலும். காயத்துக்கு முன்பே இருந்த ஈஸ்ட்ரோஜன் காப்பாற்றியிருக்கலாம், காயத்துக்குப் பின் உடம்பு திணறித் தயாரிப்பது நோயின் கடுமைக்கு அடையாளமாக இருக்கலாம். ரத்தத்தில் ஒருமுறை அளந்து ஒரு எண்ணை எழுதினால் இரண்டும் குழம்பிவிடும், அதனால்தான் அடிபடுவதற்கு முந்தைய நிலையைக் கேட்டு எழுதச் சொல்கிறேன். அதைக் கேட்க லேப் வேண்டாம்.

இப்போது நம் நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் சாலை விபத்தில் இறக்கும் 100 பேரில் ஏறக்குறைய 85 பேர் ஆண்கள். மேலூர், திருமங்கலம் நான்கு வழிச்சாலைகளிலிருந்தும் உசிலம்பட்டி ரோட்டிலிருந்தும் 108-ல் வருகிறவர்கள் பெரும்பாலும் இளவட்ட ஆண்கள். தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து வரும் மாடு முட்டிய காயங்கள் கிட்டத்தட்ட முழுக்க ஆண்கள்தான். தீக்காயப் பிரிவில் வேறு மாதிரி. அடுப்படியில் சேலை பற்றியவர்கள், மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டவர்கள், ஊற்றிக்கொண்டவர்கள், அப்புறம் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலைகளில் வெடித்து வருகிறவர்கள், அங்கே மருந்து செலுத்துவதிலிருந்து பாக்கெட் போடுவதுவரை பெண்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஆணுக்கு ரத்த இழப்பு, பெண்ணுக்குத் தீக்காயம் என்று அடிபடும் விதமே பாதி பிரிந்து கிடக்கிற ஊர் இது. இரண்டிலும் ஹார்மோனின் பங்கு எதிரெதிராக இருக்கக்கூடும் என்று தெரிந்த பிறகு, அதைப் பிரித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் எடுத்த கணக்கை இங்கே அப்படியே பொருத்தவும் முடியாது. அங்கே மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 51, இங்கே 46-47. கர்ப்பப்பையை முப்பதுகளிலேயே எடுத்துவிட்ட பெண்கள் நம் கிராமங்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

அதைக் கேட்பதில் இருக்கிற சிரமத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அது செவிலியர் தலையில்தான் விடியும். வார்டில் இந்தப் பேச்சு இப்படித்தான் போகும்:

"அம்மா, மாசாமாசம் வர்றது இன்னும் இருக்கா, நின்னுபோச்சா?"

"கர்ப்பப்பையை எடுத்தாச்சு சிஸ்டர், பத்து வருசம் இருக்கும்."

"கூட சினைப்பையையும் எடுத்தாங்களா?"

"அதெல்லாம் தெரியாதே தாயி. எடுத்தாச்சுன்னு சொன்னாங்க, அவ்வளவுதான்."

அந்த அம்மா மேல் குற்றமில்லை. சினைப்பைகளை விட்டுவைத்தார்களா என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டில் எந்தப் பெட்டியில் இருக்கிறதோ. சினைப்பை இருந்தால் மாதவிடாய் வராவிட்டாலும் ஈஸ்ட்ரோஜன் இருக்கும், இல்லாவிட்டால் 36 வயதிலும் அவர் உடம்பு மாதவிடாய் நின்ற உடம்பு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! வயிற்று ஸ்கேனில் சினைப்பை இருக்கிறதா என்று பார்த்து ஒரு வரி எழுதினால் போதும், விபத்துக்காக எப்படியும் ஸ்கேன் எடுக்கத்தான் செய்கிறோம்.

கேஷுவாலிட்டி வாசலில், கணவரும் மாமனாரும் போலீஸ்காரரும் சுற்றி நிற்கும்போது இதைக் கேட்கச் சொல்லவில்லை. அங்கே கேட்டால் பதில் வராது, வந்தாலும் பொய்யாக வரும். முதலில் உயிர். மறுநாளோ அதற்கு மறுநாளோ, நினைவு இருந்தால் நோயாளியிடமே, இல்லாவிட்டால் அம்மாவிடமோ அக்கா தங்கையிடமோ, பெண் செவிலியர் ஒருவர் தனியாகக் கேட்கட்டும். கணவரைக் கேட்பதில் அவ்வளவு பலன் இருக்காது, பெரும்பாலான கணவர்களுக்கு இந்தத் தேதி தெரியாது. பாதி பேருக்குச் சரியான தேதி நினைவிருக்காது என்பதும் உண்மை, ஆனால் "அமாவாசைக்கு முந்தி", "கோயில் கொடை முடிஞ்ச மறுவாரம்" என்று சொல்வார்கள், காலண்டரை எடுத்துப் பார்த்தால் தேதி கிடைத்துவிடும்.

கருத்தடை பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகக் கிடைக்கும் 'சாயா' மாத்திரை சாதாரண ஹார்மோன் மாத்திரை அல்ல, லக்னோவில் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த சென்ட்குரோமான். அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியிலேயே போய் உட்கார்ந்து, ஓரிடத்தில் தடுத்தும் ஓரிடத்தில் லேசாகத் தூண்டியும் வேலை செய்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன், அதற்கு ஸ்டீராய்டு போன்ற குணமும் கொஞ்சம் உண்டு. இவற்றை எடுத்துக்கொண்டிருக்கும் பெண் பெரிய காயத்தோடு வந்தால் அவருடைய எதிர்ப்பு எப்படி நடந்துகொள்ளும் என்ற கேள்விக்கு, சாயாவை இவ்வளவு பேர் சாப்பிடும் நாடான இந்தியாதான் பதில் தேட வேண்டும். வேறு யாரும் நமக்காகத் தேடப்போவதில்லை.

ஆண்கள் விஷயத்தில் சுருக்கமாக. மதுரையில் தெருவுக்குத் தெரு ஜிம் வந்துவிட்டது, ஊசி போட்டு உடம்பு ஏற்றும் பையன்கள் அதே பைக்கில்தான் விழுகிறார்கள். ஊசி போடும் காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிக அதிகம், நிறுத்திய பிறகு பல மாதம் மிகக் குறைவு, அதனால் எப்போது கடைசியாகப் போட்டான் என்பதும் வேண்டும். திட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவான். புராஸ்டேட்டுக்காக விதையை எடுத்தவர்கள், ஹார்மோனை அடக்கும் ஊசி போடுகிறவர்கள் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறார்கள், சௌத்ரி குழுவின் விதை நீக்கப்பட்ட எலிகளின் நிலைக்கு மனிதர்களில் மிக நெருக்கமாக இருப்பவர்கள் அவர்கள்தான். குடியால் கல்லீரல் சுருங்கியவருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏறியிருக்கும். திருநங்கைகளில் சிலர் மருத்துவர் சீட்டு இல்லாமல் கருத்தடை மாத்திரைகளையே ஹார்மோனாக எடுக்கிறார்கள். இந்தியாவிலேயே முதல்முறையாக 2008-ல் திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது, அவர்கள் விபத்தில் வரும்போது கேலியில்லாமல் அந்த ஒரு கேள்வியைக் கேட்டு எழுத வேண்டியது நம் கடமை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே யாராவது நோயாளிக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட ஆரம்பித்துவிடக் கூடாது, அது எனக்குப் பெரிய பயம். தலைக்காயத்துக்குப் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்த கதையை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். எலிகளில் டொனால்ட் ஸ்டெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல வருடம் செய்த சோதனைகளில் அது மூளை வீக்கத்தைக் குறைத்தது, சிறிய மனித ஆய்வுகளிலும் நம்பிக்கை தந்தது. பிறகு இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன, ஒன்றில் 882 பேர், இன்னொன்றில் 1,195 பேர். இரண்டின் முடிவும் 2014 டிசம்பரில் வந்தது, கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதனால் நான் மருந்து கேட்கவில்லை, பதிவு கேட்கிறேன். யாருக்கு, எந்தக் காயத்தில், எந்த ஹார்மோன் நிலையில் செப்சிஸ் வருகிறது என்ற கணக்கு கையில் இல்லாமல் அடுத்த மருந்தைச் சோதித்தாலும் இதே முடிவுதான் வரும் என்று எனக்குப் படுகிறது.

புது மருந்து தேவையில்லாத ஒரு பலனும் இதில் உண்டு. 2010-ல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, ரத்தக் கசிவை நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம் பற்றியது, 20,211 நோயாளிகள், அதில் மிக அதிகம் பேரைச் சேர்த்த நாடு இந்தியா. அதில் ஏறக்குறைய 84 விழுக்காடு ஆண்கள். மருந்து பெண்களுக்கும் அதே அளவு பலன் தருகிறது, ஆனால் இங்கிலாந்துப் பதிவேட்டைப் பார்த்தபோது பெண்களுக்கு அந்த ஊசி குறைவாகவே போடப்பட்டிருக்கிறது என்று 2022-ல் தெரியவந்தது. ஆண், பெண் என்று பிரித்து எழுதிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. இங்கே நாம் அப்படிப் பார்த்தால் என்ன வரும்? 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்த பிறகு முதல் 48 மணி நேரச் செலவுக்கு அரசு பொறுப்பேற்கிறது, அதற்கான பதிவுகள் எல்லாம் கணினியில் ஏறுகின்றன. அந்தப் பதிவில் இந்தச் சில விவரங்களுக்கும் இடம் வேண்டும். மூன்றாவது நாளிலிருந்து பதினைந்தாவது நாள்வரை காய்ச்சல், நிமோனியா, காயத்தில் சீழ், செப்சிஸ் வந்ததா என்ற பகுதியும் சேர வேண்டும், ஏனென்றால் ஹார்மோனின் வேலை தெரிவது அந்த நாட்களில்தான், முதல் 48 மணி நேரத்தில் அல்ல.

கல்லூரி ஆய்வகங்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்தியல் ஆய்வேடுகளைப் புரட்டினால் காயம் ஆற்றும் மூலிகை, அழற்சி தணிக்கும் சாறு என்று எது எடுத்தாலும் "ஆண் விஸ்டார் எலிகள்" (ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு வகை எலி) என்றே இருக்கிறது. பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒருமுறை சுழற்சி மாறும், முடிவு சிதறும் என்பது சொல்லிக்கொடுத்து வந்த காரணம். 2014-ல் அதை எண்ணிப் பார்த்தபோது பெண் எலிகளின் முடிவுகள் ஆண்களைவிட அதிகம் சிதறவில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2016-லிருந்து இரு பாலையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது, ஒன்றை மட்டும் எடுத்தால் காரணம் கேட்கிறது. புண் ஆறுவதிலேயே ஆண்ட்ரோஜன் தடையாக நிற்கிறது, ஈஸ்ட்ரோஜன் வேகப்படுத்துகிறது என்று மான்செஸ்டரில் கில்லியன் ஆஷ்க்ராஃப்ட் காட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, வயதான ஆண்களின் தோலில் ஈஸ்ட்ரோஜன் தடவியபோதுகூடக் காயம் சீக்கிரம் ஆறியது. சர்க்கரைப் புண்ணோடு வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் பெரியவர்களில் மாதவிடாய் நின்ற அம்மாக்களும் நிறையப் பேர். அவர்களுக்காகச் செய்யும் மூலிகை ஆராய்ச்சியை இளம் ஆண் எலியில் மட்டும் செய்வது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம். விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவில் இருப்பவர்கள் விண்ணப்பம் வரும்போது "பெண் எலி ஏன் இல்லை" என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலைக் கோப்பில் எழுதி வையுங்கள்.

மனித ஆய்வுகளைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவினரிடம் இன்னொரு வேண்டுகோள். வார்டில் முதல் நாள் எப்படியும் எடுக்கும் ரத்தத்தில் மீதமிருக்கும் சீரத்தை, அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரை, உறைய வைக்க ஒரு சிறிய ஆய்வுக்கு யாராவது பட்டமேற்படிப்பு மாணவர் விண்ணப்பித்தால் அனுமதியுங்கள். உறவினரிடம் ஒப்புதல் வாங்கி, நினைவு திரும்பியதும் நோயாளியிடம் மறுபடி கேட்டு, வேண்டாம் என்றால் அந்தக் குழாயைத் தூக்கிப்போட்டுவிடலாம். மாதவிடாய் விவரமும் ஹார்மோன் விவரமும் அந்தரங்கமானவை, போலீஸ் பார்க்கும் விபத்துப் பதிவேட்டில் அவை வரவே கூடாது, கேஸ் ஷீட்டின் உள்பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும். திருமணமாகாத பெண்ணின் கருத்தடை மாத்திரை பற்றி அவர் அப்பாவுக்கு நம் மூலமாகத் தெரிந்துவிட்டால் அந்தக் காயத்தை எந்த வார்டிலும் ஆற்ற முடியாது.

கேஸ் ஷீட் அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது உள்பக்கத்தில் ஆறு வரி இடம் விட்டால் போதும். கேள்விகளைத் தமிழில், கேட்கிற மாதிரியான பேச்சில், கூச்சம் வராத விதத்தில் எழுதித் தருகிறேன். என்னோடு வேலை பார்த்த மூத்த செவிலியர்கள் சிலரும் வருகிறார்கள், இரவுப் பணிப் பெண்களுக்கு எப்படிக் கேட்பது என்று வார்டிலேயே நின்று சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறோம். எந்த வார்டு, எந்தக் கிழமை என்று சொல்லுங்கள். தை பிறக்கும் முன் தொடங்கிவிட்டால் நல்லது, அந்த வாரத்தில் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு செவிலியர்